துணி மூடிய குடம்

உப்பளத்துக்குப் போகிற சாலையில் ஒரு மடம் இருந்தது. பலகையில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருந்தாலும் ஊரார் அதைக் குடத்து மடம் என்றுதான் சொன்னார்கள்.

மடத்தை நடத்தியவர் உலகம்மாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். உபதேசம் என்று ஒன்றும் செய்யமாட்டார். யாராவது தத்துவம் பேச ஆரம்பித்தால் முறத்தைக் கையில் கொடுத்து அரிசியில் கல் பொறுக்கச் சொல்லிவிடுவார். அதனால் தத்துவக்காரர்கள் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை.

ஆவுடையப்பன் அவரிடம் சீடராக வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல், மிச்சக் காலத்தை நாலு பேருக்கு உபயோகமாகக் கழிக்கலாம் என்று வந்தவர். நல்ல மனிதர். தான் நல்ல மனிதர் என்பது அவருக்கும் தெரிந்திருந்ததுதான் சிக்கல்.

மடத்தில் இரண்டு வேலைகள் நடந்தன. உப்பு மண்டிக்காரர்களும் மீன் ஏலக்கூடத்துக்காரர்களும் மாதாமாதம் அரிசி மூட்டை அனுப்புவார்கள். அதில் மத்தியானம் கஞ்சி காய்ச்சி, வந்து நிற்கிறவர்களுக்கெல்லாம் ஊற்றுவார்கள். அது ஒன்று. தினமும் காலையில் அளத்துத் தெருவுக்கு ஒரு குடம் போகும். அது இன்னொன்று.

பித்தளைக் குடம். வாயைச் சுற்றித் துணி கட்டியிருக்கும். துணியின் நடுவில் ஒரு கை நுழைகிற அளவுக்குக் கிழிசல். அந்த வழியாகக் கையை உள்ளே விட்டு, அவரவருக்கு முடிந்ததைப் போடவேண்டும் என்பது வழக்கம். சிலர் அரிசி போடுவார்கள். சிலர் அரிசிக்குள் காசைப் புதைத்து வைப்பார்கள்.

முதல் நாள் குடத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஆவுடையப்பன் கேட்டார்.

"வசூலுக்குத்தானம்மா போறோம்? குடத்துல முக்கால்வாசி அரிசி இருக்கே?"

"வெறுங்குடத்தோட ஒரு வாசல் ஏறலாமா அண்ணாச்சி?" என்றார் உலகம்மாள்.

சகுனம் பார்க்கிறார் என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டார். இவ்வளவு விவரமான அம்மாளுக்கும் இப்படி ஒரு நம்பிக்கையா என்று மனதுக்குள் சிரித்தும் கொண்டார். தோள் வலிக்கும், அவ்வளவுதானே.

"வீட்டுக்குள்ள கொண்டு போய் வைக்கணும்," என்றார் உலகம்மாள். "வச்சிட்டு வெளியே வந்து தெருவைப் பார்த்து நிக்கணும். உள்ளேயிருந்து ஆச்சுன்னு சத்தம் வர்ற வரைக்கும் திரும்பப்படாது."

"எந்தெந்த வீட்டுக்கு?"

"எல்லா வீட்டுக்கும்."

"பூட்டியிருந்தா?"

"சாயங்காலம் இன்னொரு தடவை போகணும். எந்த வீட்டையும் விட்டுறக்கூடாது அண்ணாச்சி."

"ஏம்மா இவ்வளவு கண்டிப்பு?"

உலகம்மாள் கஞ்சிப் பானையைக் கிளறப் போய்விட்டார்.

ஆவுடையப்பனுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. அளத்துத் தெருவில் எல்லோரும் உப்புப் பாத்தியில் வேலை செய்கிறவர்கள். விடிவதற்கு முன்பே போய்விட்டு, வெயில் ஏறும் நேரத்தில் திரும்பி வந்திருப்பார்கள். காலெல்லாம் உப்பு பூத்திருக்கும். "மடத்து அண்ணாச்சி வந்துட்டாக" என்று குரல் கொடுப்பார்கள். அவர் குடத்தை வைத்துவிட்டு வாசலில் நிற்பார். சில வீடுகளில் வைத்த கையோடு "ஆச்சு" வந்துவிடும். சில வீடுகளில் நேரமாகும். நேரமாகிற வீடுகளில் அவர் மனம் இளகிவிடும். பாவம், பானையின் அடியைத் துழாவி எடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொள்வார்.

அதிக நேரமாகிற வீடு தங்கபுஷ்பத்தின் வீடு.

தெருவின் கடைசிக்கு முந்தின வீடு. கூரைக்கு மேல் நீலத் தார்ப்பாய் போட்டுக் கல் வைத்திருந்தார்கள். புருஷன் சுடலைமணிக்கு உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் இரண்டும் புண்ணாகி, நடமாட்டம் இல்லை. உள்ளே கட்டிலில் படுத்தபடியே "யாரு, அண்ணாச்சியா? வாங்க வாங்க" என்பார். பிள்ளைகள் இல்லை. தங்கபுஷ்பம் ஒருத்தியின் கூலிதான். அவள் குனிந்த தலையோடு குடத்தை வாங்கி அடுப்பு மூலைக்குக் கொண்டுபோவாள். ஒரு தடவைகூட அவள் முகத்தை ஆவுடையப்பன் சரியாகப் பார்த்ததில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது.

பாத்திகள் எல்லாம் முழுகின. உப்பளத்தில் வேலை நின்றுவிட்டது. தை பிறந்து வெயில் வந்தால்தான் இனிக் கூலி. தெருவில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பகலிலும் ஆட்கள் படுத்தே கிடந்தார்கள். சேறும் சகதியுமான அந்தத் தெருவில் ஆவுடையப்பன் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு குடத்தோடு போய் வந்தார். வெயில் காலத்தில் குடம் கனத்துத் திரும்பும். இப்போது போன கனத்திலேயே திரும்பி வந்தது. சில நாள் அதைவிடக் குறைந்த மாதிரியும் இருந்தது. தோள் மரத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் மத்தியானம் கஞ்சி ஊற்றி முடித்த பிறகு உலகம்மாளிடம் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இருக்கிறவங்ககிட்ட வாங்கி இல்லாதவங்களுக்குக் குடுக்கிறதுதானே தர்மம்?"

"அப்படித்தான் சொல்லுதாங்க."

"அப்ப இல்லாதவங்ககிட்ட போய் நாம ஏம்மா கேக்கணும்? அந்தத் தெருவுல இப்ப எந்த அடுப்பும் ஒழுங்கா எரியலை. இந்த நேரத்துல அவங்க வாசல்ல போய் குடத்தை வைக்கதுக்கு எனக்குக் கூச்சமா இருக்கு. பிடுங்கித் தின்னுற மாதிரி இருக்கு."

உலகம்மாள் எழுந்துபோய்க் குடத்தை எடுத்து வந்தார். ஆவுடையப்பன் முன்னால் வைத்தார். பிறகு வாசல் பக்கம் போய், மழையைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றார்.

ஆவுடையப்பனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு தன்னிடமும் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாயை எடுத்து, துணியின் கிழிசல் வழியாகக் கையை விட்டு அரிசிக்குள் செருகினார்.

"ஆச்சும்மா."

உலகம்மாள் திரும்பினார். குடத்தைத் தூக்கினார்.

"நூறு ரூபாய் போட்டிருக்கேன்."

"நான் கேட்டேனா?"

"இல்லை, சொன்னேன்."

"சொல்லாதீங்க," என்றார் உலகம்மாள். "நாளைக்கும் எல்லா வீட்டுக்கும் போங்க."

ஆவுடையப்பன் அன்று வெகுநேரம் யோசித்தார். தன்னிடம் இருக்கிறது, தான் போட்டாகிவிட்டது, அது சரிதான். ஆனால் கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லையே என்று தோன்றியது. அம்மாவுக்கு மனசு இறுகிப்போய்விட்டது, பழக்க தோஷம் என்று முடிவு செய்தார். சங்கத்தில் இருந்தபோதும் இப்படித்தான், மேலிடத்து விதி மனிதனை நசுக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு விதியை மீறியிருக்கிறார். நாலு குடும்பம் அவரை வாழ்த்தியிருக்கிறது.

மறுநாள் மழை சற்று விட்டிருந்தது. தெருவில் பலரும் வாசலுக்கு வந்து நின்றிருந்தார்கள். தங்கபுஷ்பம் குடத்துக்காகக் கதவைத் திறந்து வைத்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி காத்திருந்தாள்.

ஆவுடையப்பன் அவள் வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை.

"உங்களுக்கு எதுக்கும்மா இந்தச் சிரமம்?" என்றார் அன்போடு. அன்பு மிகுந்தால் அவருக்குக் குரல் உயர்ந்துவிடும். "வீட்டுக்காரருக்கும் உடம்பு சரியில்லை. இருக்கிறதை வச்சு அவருக்குக் காய்ச்சிக் குடுங்க. மழை முடியட்டும், வேலை தொடங்கட்டும், அப்புறம் போட்டாப் போதும். மடம் ஒண்ணும் கோவிச்சுக்காது."

தங்கபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள். அன்றுதான் அவள் முகத்தை அவர் முழுதாகப் பார்த்தார்.

"இல்ல அண்ணாச்சி, வச்சிட்டுப் போங்க," என்றாள்.

"வேண்டாம்மா."

"எல்லா வீட்டுலயும் வச்ச மாதிரி வச்சிட்டுப் போங்களேன்."

"நான் சொல்லுதேன்லா. உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும்."

பக்கத்து வாசல்களில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி உள்ளே திரும்பி யாரிடமோ ஏதோ சொன்னாள். தங்கபுஷ்பம் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆவுடையப்பன் அடுத்த வீட்டுக்கு நடந்தார். மனம் லேசாக இருந்தது.

இதை அவர் மடத்தில் சொல்லவில்லை. செய்த நல்லதைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அடுத்த நாளும் அந்த வீட்டைத் தாண்டிப் போனார். கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே அவள் நிற்கிற நிழல் தெரிந்தது. அதற்கடுத்த நாள் கதவு சாத்தியிருந்தது. அப்புறம் அந்தப் பக்கம் அவர் பார்க்கவும் இல்லை.

மழை மறுபடியும் வலுத்தது.

ஒரு காலையில் மடத்து வாசலில் ஆட்கள் வந்து சொன்னார்கள். அளத்துத் தெரு தங்கபுஷ்பம் கடலில் கலக்கிற ஓடையில் மட்டிச் சிப்பி பொறுக்கப் போனாளாம். மழைத் தண்ணீர் ஒரு பக்கம், கடல் ஏற்றம் ஒரு பக்கம். இந்த மாதத்தில் அந்த ஓடைக்குள் யாரும் இறங்குவதில்லை. உப்பளத்துக் காவல்காரர்தான் கரை ஒதுங்கிக் கிடந்தவளைப் பார்த்தாராம். முந்தானையில் மட்டி முடிந்திருந்ததாம், ஒரு கை அளவுக்கு.

உலகம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மழையில அவ ஏன் ஓடைக்குப் போனா?" என்றார்.

யாருக்கும் தெரியவில்லை. ஆவுடையப்பனும் சும்மா நின்றார்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. சாயங்காலத்துக்குள் உடலை எடுத்துவிட்டார்கள். மடத்திலிருந்துதான் செலவுக்குக் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து தெருவே அடங்கிய பிறகு உலகம்மாளும் ஆவுடையப்பனும் சுடலைமணியின் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். தார்ப்பாயிலிருந்து ஒழுகிய தண்ணீர் ஒரு சட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

சுடலைமணி அழவில்லை. ஆவுடையப்பனைத்தான் பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி எங்க வீட்டை ஒதுக்கிட்டீங்க?"

ஆவுடையப்பன் உலகம்மாளைப் பார்த்தார்.

"நான் படுத்துட்டேன். வாஸ்தவம். ஆனா குடத்துக்குப் போடாத வீடுன்னு எங்களுக்குப் பேர் இருந்ததில்ல. அடுப்பு எரியாத நாள்லயும் அவ போட்டா. எனக்குச் சத்தம் கேக்கும். அடுப்படியில குடத்துக்குள்ள அவ கை போறது, அரிசி சரசரங்கிறது எல்லாம் கேக்கும். எப்படியும் ரெண்டு மூணு தடவை போடுவா. என்ன தாராளம்டா இவளுக்குன்னு நினைச்சுக்கிடுவேன்."

உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

"கைராசிக்காரி," என்றார் சுடலைமணி. "எந்த மழையிலயும் எனக்குக் கஞ்சி இல்லாம இருந்ததில்ல. எங்கேயோ வழி பண்ணிருவா. எங்கேன்னு நான் கேட்டதும் இல்ல. இந்தக் கடைசி வாரந்தான் கஞ்சி வெறும் தண்ணியாப் போச்சு. குடம் ஏன் வரலைன்னு கேட்டதுக்கு, நீங்க வேண்டாம்னு சொன்னதைச் சொன்னா. தெருவே பார்த்துச்சாம். நேத்து கிளம்பும்போது சொல்லிட்டுத்தான் போனா. மட்டி வித்து ஒரு படி அரிசியாவது வாங்கி நானே மடத்துல கொண்டு போய்ப் போடுதேன், அப்பவாவது குடத்தை நம்ம வீட்டுல வைப்பாங்களான்னு பார்ப்போம்னு சொன்னா. குடத்துக்காகப் போனா அண்ணாச்சி. அவ குணம் அப்படி."

ஆவுடையப்பன் எழுந்து நின்றார்.

"சுடலை, நான் ஒண்ணு சொல்லணும்..."

உலகம்மாள் அவர் முழங்கையைப் பிடித்தார்.

"தப்பு எங்களுதுதான் சுடலை," என்றார். "நாளையிலேர்ந்து குடம் வரும்."

இருவரும் தெருவைத் தாண்டி நடந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. முழுகிய பாத்திகள் இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. அங்கேதான் ஆவுடையப்பன் நின்றார்.

"அம்மா, அவ போட்டாளா, எடுத்தாளா?"

"எனக்குத் தெரியாது. நான் இத்தனை வருஷத்துல ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்ல."

"முக்கால் குடம் அரிசி..." என்று முனகினார் ஆவுடையப்பன். "அதுக்குத்தானா?"

உலகம்மாள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மத்தியானம் கஞ்சி ஊத்துதோமே. வந்து வாங்கியிருக்கலாமே அவ."

"வரிசையில நிக்க முடிஞ்சவங்க வருதாங்க அண்ணாச்சி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்க! இன்னதுக்குத்தான் இந்தக் குடம்னு ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா நான் அந்த வீட்டை விட்டிருப்பேனா?"

அவர் கோபமாகத்தான் கேட்டார். உலகம்மாளும் அதைக் கோபமாகவே ஏற்றுக்கொண்டார்.

"சொல்லியிருந்தா எந்த வீட்டுல எடுக்காங்கன்னு உங்க முதுகு பார்த்துக்கிட்டே நின்னிருக்கும். அதனால சொல்லல," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இப்ப பார்த்தா, சொல்லியிருக்கணுமோன்னு இருக்கு. அவ சாவுல என் பங்கும் இருக்கு. நான் இல்லைங்கல," என்றார்.

மழை பெரிதானது. இருவரும் நனைந்துகொண்டே நடந்தார்கள்.

அதற்குப் பிறகு ஆவுடையப்பன் குடத்தைத் தொடவில்லை. உலகம்மாளே தூக்கிக்கொண்டு போனார். ஆவுடையப்பன் மடத்துப் பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கஞ்சி ஊற்றி வைத்தால் ஆறிப்போய் அப்படியே இருக்கும். ஒருநாள் குளிக்காமல், சவரம் செய்யாமல் உலகம்மாளின் முன்னால் வந்து நின்றார்.

"நான் சுடலைகிட்டப் போறேம்மா."

"எதுக்கு?"

"எல்லாத்தையும் சொல்லிருதேன். அவன் கையால அடிச்சா அடிக்கட்டும், காறித் துப்பினாத் துப்பட்டும். என்னால தாங்க முடியல. அவன் என்னைக் கும்பிடுதான்மா. நேத்து கஞ்சி வாங்க வந்த ஆள் சொல்லுதான், மடத்து அண்ணாச்சிக்கு உடம்பு எப்படி இருக்குன்னு சுடலை விசாரிச்சானாம்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"என்னாலதான் அவ செத்தான்னு."

"அது அவனுக்கே தெரியும். நீங்க குடத்தை வைக்கலைன்னு உங்க முகத்தைப் பார்த்தே கேட்டானே. அதுக்கு மேல என்ன சொல்லுவீங்க?"

"அவ குடத்துக்குப் போடலை, குடத்துலேர்ந்து எடுத்துத்தான் உன்னைக் காப்பாத்தினான்னு. அந்த வழியை அடைச்சது நான்தான்னு."

உலகம்மாள் உள்ளே போய்க் குடத்தை எடுத்து வந்தார். காலையில் தெருவுக்குப் போவதற்காக நிரப்பி, துணி கட்டி வைத்திருந்த குடம். அதை ஆவுடையப்பனின் காலடியில் வைத்தார்.

"துணியை அவுருங்க," என்றார்.

ஆவுடையப்பன் குனிந்தார். முடிச்சில் விரலை வைத்தார். ஈரத்தில் இறுகிப்போன முடிச்சு, நகத்தால் நெம்பினால்தான் வரும். கொஞ்சம் நெகிழ்ந்தது. அங்கேயே விரல் நின்றுவிட்டது.

அவர் முதுகு குலுங்கியது. பிறகு நெகிழ்ந்த முடிச்சை மறுபடியும் இழுத்து இறுக்கினார்.

"சொன்ன மாதிரி மறுநாளே சுடலை வீட்டுல குடத்தை வச்சேன்," என்றார் உலகம்மாள். "கட்டில் பக்கத்துலயே வச்சேன். அவ எவ்வளவு போடுவான்னு எனக்குத் தெரியாதே தாயின்னான். எனக்கும் தெரியாது, கையை மட்டும் உள்ளே விடுன்னேன். வெளியே வந்து நின்னேன்."

ஆவுடையப்பன் நிமிர்ந்தார்.

"என்ன ஆச்சு?"

"ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் அழுகைச் சத்தம் கேட்டுது. அவ போன அன்னிக்குக்கூட அவன் அழலை. அதுக்கும் அப்புறந்தான் ஆச்சுன்னான்."

"அவனுக்குப் புரிஞ்சிருச்சாம்மா?"

"நான் திரும்பல அண்ணாச்சி."

வெளியே மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆவுடையப்பன் தரையில் உட்கார்ந்து குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகம் சில நாட்களிலேயே கிழடு தட்டிப்போயிருந்தது.

"சொல்லவும் கூடாது," என்றார். "மன்னிப்புக் கேக்கவும் வழியில்ல. அப்ப இந்தப் பாரத்தை நான் எங்கேதாம்மா இறக்கி வைக்க?"

உலகம்மாள் குடத்தைத் தூக்கி அவர் தோளில் வைத்தார். கை கொடுத்து அவரை எழுப்பினார்.

"ஒவ்வொரு வாசல்லயும் இறக்கி வைங்க," என்றார். "ஆச்சுன்னு சொன்னதும் மறுபடி தூக்கிக்கிடுங்க."